பிரேக் பேட் மாத்தப் போறீங்களா? வீலில் படியும் கறுப்புத் தூசு சொல்வது என்ன? தொண்டாமுத்தூர் சாலைக்கும் ஊட்டி இறக்கத்துக்கும் எது சரி?

தொண்டாமுத்தூரில் இருந்து வடவள்ளி வழியாக தினமும் கோவை நகருக்குள் கார் ஓட்டிப் போய் வருபவர்கள் பலருக்கும் இருக்கும் புகார் இது: "ஞாயித்துக்கிழமை கழுவினா புதன்கிழமைக்குள்ள முன்வீல் கறுப்பாயிடுதுங்க." துணியால் துடைத்தால் விரலில் ஒட்டுகிற, மசி போன்ற ஒரு பொடி. இதுதான் பிரேக் டஸ்ட் எனப்படும் பிரேக் தூசு.

பேட் மாற்றும் நேரம் வரும்போது பலரும் கடையில் கேட்கும் முதல் கேள்வி, "தூசு வராத பேட் இருக்குதுங்களா?" என்பதுதான். இரண்டாவது கேள்வி விலை. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: "நான் ஓட்டும் ரோட்டில் இந்த பேட் நிற்குமா?" வீலின் அழகுக்காக பேட் தேர்வு செய்தால் மலை இறக்கத்தில் சிக்கல் வரலாம். தூசை ஊதித் தள்ளினால் மெக்கானிக்கின் நுரையீரலுக்குச் சிக்கல். இரண்டையும் விரிவாகப் பார்க்கலாம்.

கறுப்புத் தூசு எங்கிருந்து வருகிறது?

பிரேக்கை மிதித்ததும், பிரேக் ஆயிலின் அழுத்தம் காலிப்பரில் உள்ள பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் இரண்டு பேடுகளையும், சுழலும் இரும்பு டிஸ்க்கின் இரு பக்கமும் அழுத்துகிறது. இந்த உராய்வில் காரின் வேகம் வெப்பமாக மாறுகிறது. அப்போது பேட் கொஞ்சம் தேய்கிறது. டிஸ்க்கும் கொஞ்சம் தேய்கிறது.

அந்தத் தேய்மானம்தான் தூசு. பேடில் இருந்து வரும் பிசின், கிராஃபைட், உலோகத் துகள்கள் ஒரு பக்கம். வார்ப்பிரும்பு டிஸ்க்கில் இருந்து வரும் இரும்புத்தூள் இன்னொரு பக்கம். சூடாகப் பறந்து வந்து அலாய் வீலில் ஒட்டும் இரும்புத்தூள், ஈரம் பட்டதும் அங்கேயே துருப்பிடிக்கிறது. பல வாரம் கழுவாமல் விட்டால் வெறும் தண்ணீரில் போகாமல் அடம்பிடிப்பது இதனால்தான்.

அதாவது, தூசே வராத உராய்வு பிரேக் கிடையாது. பிரேக் வேலை செய்கிறது என்பதற்கான ரசீதுதான் அந்தத் தூசு.

முன்வீலில் மட்டும் ஏன்?

பிரேக் போட்டதும் காரின் எடை முன்பக்கம் சாய்கிறது. இன்ஜினும் முன்னால்தான் இருக்கிறது. அதனால் நிறுத்தும் வேலையில் பெரும்பங்கை முன் பிரேக்தான் செய்கிறது. தேய்மானமும் அங்குதான் அதிகம்.

இன்னொரு காரணமும் உண்டு. நம் ஊரில் ஓடும் பெரும்பாலான சிறிய கார்களில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். டிரம் பிரேக்கிலும் தூசு வருகிறது. ஆனால் அது மூடிய டிரம்முக்குள்ளேயே தங்கிவிடுகிறது. பின்வீல் பளிச்சென்று இருப்பதால் அங்கே தூசு இல்லை என்று நினைக்க வேண்டாம். டிரம்மைக் கழற்றும்போதுதான் அது மொத்தமாக வெளியே வரும்.

தூசு சொல்லும் சேதி

வீலைக் கழுவும் முன் ஒரு நிமிடம் நான்கு வீலையும் பார்த்தால் போதும். பிரேக்கின் உடல்நிலை ஓரளவு தெரிந்துவிடும்.

* முன் இரண்டு வீலிலும் ஒரே அளவில் சாம்பல் கலந்த கறுப்புப் பொடி: இயல்பானது.

* ஒரு முன்வீலில் மட்டும் அதிகத் தூசு, அந்த வீல் மட்டும் தொட முடியாத சூடு: காலிப்பர் சிக்கிக்கொண்டிருக்கலாம். பேட் விலகாமல் எப்போதும் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கிறது. மைலேஜும் குறையும்.

* ஒரு முன்வீலில் தூசே இல்லை: அந்தப் பக்க பிரேக் வேலை செய்யாமல் இருக்கலாம். பிரேக் போட்டால் கார் ஒரு பக்கம் இழுக்கும்.

* ஆரஞ்சு நிறம்: மழையில் நின்ற காரில் டிஸ்க் மேல் படிந்த துரு. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மலையடிவாரக் கிராமங்களில் இது சகஜம். நாலைந்து முறை பிரேக் போட்டதும் போய்விடும்.

* பொடியாக இல்லாமல் ஈரப்பசையோடு வழிகிறது: பிரேக் ஆயில் அல்லது கிரீஸ் கசிவு. காரை எடுக்காமல் உடனே மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டிய நிலை.

* திடீரென்று தூசு கூடி, கரகரவென்று இரும்புச் சத்தம்: பேட் முழுதாகத் தேய்ந்து, பின்தகடு டிஸ்க்கைச் சுரண்டுகிறது. இனி பேட் மட்டுமல்ல, டிஸ்க்கும் செலவு வைக்கும்.

எப்போது மாற்ற வேண்டும்?

இத்தனை கிலோமீட்டர் என்று எல்லோருக்கும் பொதுவான கணக்கு கிடையாது. ஒரே மாடல் காரில், ஹைவேயில் ஓட்டுபவருக்கும் காந்திபுரம் நெரிசலில் ஓட்டுபவருக்கும் பேட் ஆயுள் பாதிக்குப் பாதி வித்தியாசப்படும். அதனால் கிலோமீட்டரை விட தடிமனைப் பார்ப்பதே சரி.

புது பேடில் உராயும் பகுதி பொதுவாக 10 முதல் 12 மி.மீ. இருக்கும். அது 3 மி.மீ. அளவுக்கு வந்துவிட்டால் மாற்றிவிட வேண்டும். மலைப்பயணம் திட்டமிட்டிருந்தால் 4 மி.மீ.யிலேயே மாற்றுவது நல்லது. மெல்லிய பேட் சீக்கிரம் சூடாகும். அந்தச் சூடு நேராக பிரேக் ஆயிலுக்குப் போகும்.

பல பேடுகளில் சிறிய உலோக நாக்கு ஒன்று இருக்கும். பேட் தேய்ந்ததும் அது டிஸ்க்கில் பட்டு 'கீச்' என்று கத்தும். அது தொந்தரவு இல்லை, அலாரம். அந்த நாக்கை வளைத்துவிட்டு "சத்தம் போயிடுச்சுங்க" என்று சொன்னால், போனது சத்தம் மட்டும்தான்.

கடையில் கிடைக்கும் 4 வகை

1. ஆர்கானிக் பேட். அஸ்பெஸ்டாஸ் இல்லாத நார்கள், பிசின், ரப்பர், கனிமப் பொடிகள் சேர்த்துச் செய்தது. சத்தம் குறைவு, தூசு குறைவு, டிஸ்க் தேய்மானமும் குறைவு. குளிர்ந்த நிலையிலேயே நன்றாகப் பிடிக்கும். ஜப்பானிய, கொரிய வடிவமைப்புக் கார்களில் பெரும்பாலும் இதுதான் வரும். குறை: நீண்ட இறக்கத்தில் அதிகம் சூடானால் பிடிப்பு குறையத் தொடங்கும்.

2. லோ மெட்டாலிக் பேட். ஆர்கானிக் கலவையில் ஓரளவு இரும்பு நார் சேர்த்தது. சூட்டைத் தாங்கும், பிடிப்பு அழுத்தமாக இருக்கும். ஐரோப்பியக் கார்களில் அதிகம். குறை: தூசு அதிகம். ஜெர்மன் கார்களின் முன்வீல் எப்போதும் கறுப்பாக இருப்பதன் ரகசியம் இதுதான்.

3. செமி மெட்டாலிக் பேட். உலோகத்தின் பங்கு இன்னும் அதிகம். பாரம் ஏற்றும் வண்டிகள், மலைச்சாலையில் அடிக்கடி ஓடும் வண்டிகளுக்கு ஏற்றது. குறை: சத்தம், தூசு, டிஸ்க் தேய்மானம் மூன்றும் கூடும்.

4. செராமிக் பேட். செராமிக் நார்கள் கலந்தது. தூசு குறைவு, வருவதும் வெளிர் நிறத்தில் இருப்பதால் வீலில் பளிச்சென்று தெரியாது. சத்தமும் குறைவு. விலை அதிகம். 'செராமிக்' என்று பெட்டியில் எழுதியிருப்பதெல்லாம் ஒரே தரமும் அல்ல.

தொண்டாமுத்தூர்காரர்களுக்கு எது பொருந்தும்?

இந்தப் பகுதியின் ஓட்டம் மூன்று விதமானது. ஒன்று, வடவள்ளி, லாலி ரோடு, காந்திபுரம் என நின்று நின்று போகும் நகர ஓட்டம். வார இறுதியில் ஈஷா, பூண்டி, கோவை குற்றாலம் பக்கம் வண்டிகள் குவியும்போது சிறுவாணி ரோடும் இப்படித்தான் ஆகிவிடும். இரண்டு, பாக்குத்தோப்பு, தென்னந்தோப்பு வழியே செம்மண் தடங்களில் ஓடுவது. மூன்று, எப்போதாவது குடும்பத்தோடு ஊட்டி, வால்பாறை.

இதில் இன்னொரு விஷயமும் சேர்ந்துகொள்கிறது. மேற்குத்தொடர்ச்சி மலையடிவாரமான இங்கே இரவிலும் அதிகாலையிலும் காட்டு யானைகள் சாலையைக் கடப்பது வழக்கம். நரசிபுரம் பக்கம் விடியற்காலையில் காரை எடுத்த ஐந்தாவது நிமிடம் திடீர் பிரேக் போட வேண்டி வரலாம். அப்போது பேட் சூடேறியிருக்காது. குளிர்ந்த நிலையில் முதல் மிதியிலேயே பிடிக்கிற பேட்தான் உயிர் காக்கும்.

அதனால்தான் 'ரேஸ் பேட்' ஆசை இங்கே ஆபத்து. செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓடும் பந்தயக் கார்களின் பேடுகள் நன்கு சூடான பிறகுதான் முழுப் பிடிப்புக்கு வரும். பந்தயத்தில் அது பலம். பால் வாங்கப் போகும் காரில் அது பலவீனம்.

ஆக, எளிய வழிகாட்டல் இது:

* நகர ஓட்டமே அதிகம், வருடத்துக்கு ஓரிரு முறை மலை: கார் கம்பெனி கொடுத்த அதே வகை பேட், நல்ல தயாரிப்பாளரிடம் இருந்து. பெரும்பாலான ஹேட்ச்பேக்குகளுக்கு அது ஆர்கானிக்தான்.

* மாதம் சில முறை ஊட்டி, கோத்தகிரி, வால்பாறை போகும் டாக்சி அல்லது ஏழு பேர் ஏறும் வண்டி: அந்த மாடலுக்கென்றே வரும் லோ மெட்டாலிக் அல்லது செமி மெட்டாலிக். தூசைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

* வீல் சுத்தமாக இருக்க வேண்டும், பட்ஜெட்டும் இருக்கிறது: தெரிந்த தயாரிப்பாளரின் செராமிக்.

* தோட்டத் தடங்களில் அதிகம் ஓடும் வண்டி: எந்த பேடாக இருந்தாலும் சேறும் மண்ணும் காலிப்பர் பின்னில் சேரும். மழைக்காலம் முடிந்ததும் கழற்றிச் சுத்தம் செய்வது அவசியம்.

நல்ல தயாரிப்பாளரைத் தேடி தூரம் போக வேண்டியதில்லை. பிரேக் தொழிலில் தமிழகம் பழைய கை. 1962-ல் தொடங்கிய சென்னை பாடியின் பிரேக்ஸ் இந்தியா, ரானே குழுமம், சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் எல்லாம் இங்கே வளர்ந்தவைதான்.

ஊட்டி இறக்கம்: 50 லிட்டர் தண்ணீர் கணக்கு

மலை இறங்கும்போது பிரேக் எவ்வளவு சுமக்கிறது? ஒரு சின்னக் கணக்கு.

குன்னூர் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 1,850 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையம் சுமார் 300 மீட்டர். நான்கு பேர் ஏறிய ஹேட்ச்பேக் ஏறக்குறைய 1,200 கிலோ. இந்த எடை 1,500 மீட்டர் கீழே இறங்கும்போது வெளிவரும் ஆற்றல், 50 லிட்டருக்கும் அதிகமான பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அதாவது வீட்டுக்கு வரும் 20 லிட்டர் வாட்டர் கேன் இரண்டரை.

நியூட்ரலில் அல்லது டாப் கியரில் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால், இதில் பெரும்பகுதி அந்தச் சின்ன பேடுகளிலும் டிஸ்க்கிலும்தான் போய்ச் சேரும். செகண்ட் கியரில் இறங்கினால் இன்ஜின் பெரும் பங்கை வாங்கிக்கொள்ளும். 'ஏறிய கியரிலேயே இறங்கு' என்று பழைய டிரைவர்கள் சொல்வதன் அர்த்தம் இதுதான். ஆட்டோமேட்டிக் கார்களில் குறைந்த கியருக்கான நிலையை அல்லது மேனுவல் மோடைப் பயன்படுத்த வேண்டும்.

மசினகுடிக்கும் ஊட்டிக்கும் இடையே 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டி மலைப்பாதையில், வெளியூர் வாகனங்கள் இறங்குவதற்குக் கட்டுப்பாடு வந்ததும் தொடர் விபத்துகளால்தான். ஆழியாறில் இருந்து வால்பாறை ஏறும் சாலையில் 40 வளைவுகள். இந்தச் சாலைகளில் நல்ல பேட் போட்டவருக்கும் தவறான கியரில் இறங்கினால் பாதுகாப்பு இல்லை.

பிரேக் சூடாகும்போது இரண்டு விஷயம் நடக்கும். ஒன்று, பேடின் பிசின் சூடாகி உராய்வு குறையும். மிதி கெட்டியாகவே இருக்கும், ஆனால் கார் நிற்காது. இரண்டு, பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி வரும். மிதி பஞ்சு போல உள்ளே போகும்.

இரண்டாவது சிக்கலுக்குக் காரணம் பழைய பிரேக் ஆயில். அது காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தர விதி. ஈரம் உறிஞ்சிய பிறகு அது 140 வரை இறங்கலாம். டாட் 4 ஆயிலுக்கு இது 230 மற்றும் 155. அதனால் பொதுவாக இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஆயிலை மாற்ற வேண்டும். புது பேட் போட்டு, ஐந்து வருடப் பழைய ஆயிலோடு ஊட்டி இறங்குவது பாதி வைத்தியம்தான்.

இறங்கும் வழியில் பிரேக் வாடை அடித்தால், பாதுகாப்பான இடத்தில் ஓரம் கட்டி ஆறவிடுங்கள். சூடான டிஸ்க்கில் ஊற்றுத் தண்ணீரை அடிக்காதீர்கள். டிஸ்க் வளையும், விரிசல்கூட விடலாம். மிதி உள்ளே போனால், விட்டு விட்டு வேகமாக மிதித்து, கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை மெல்ல மெல்ல இழுத்து, பள்ளத்தாக்குப் பக்கம் போகாமல் மலைப் பக்கமாக ஒதுங்குங்கள்.

பேடின் முதுகில் என்ன எழுதியிருக்கிறது?

பேடின் பின்தகட்டில் அல்லது ஓரத்தில் சில எண்களும் எழுத்துகளும் இருக்கும். அதன் கடைசியில் 'எஃப்எஃப்', 'ஜிஜி', 'இஎஃப்' என இரண்டு ஆங்கில எழுத்துகள் இருந்தால் கவனியுங்கள். முதல் எழுத்து சாதாரண சூட்டில் உராய்வு. இரண்டாவது அதிக சூட்டில் உராய்வு.

'இ' என்றால் உராய்வு எண் 0.25 முதல் 0.35. 'எஃப்' என்றால் 0.35 முதல் 0.45. 'ஜி' என்றால் 0.45 முதல் 0.55. இது பரீட்சை கிரேடு அல்ல. 'ஜி' எப்போதும் 'எஃப்'பை விட நல்லது என்று அர்த்தமில்லை. பழைய பேடில் இருந்த எழுத்துக்கு நெருக்கமாக வாங்குவதே பாதுகாப்பு. இரண்டாவது எழுத்து முதலாவதை விடக் கீழே இறங்கினால், சூட்டில் பிடிப்பு குறையும் என்று பொருள்.

சில பெட்டிகளில் வட்டத்துக்குள் 'இ' எழுத்தும் எண்ணும், கூடவே 'ஆர்90' என்ற குறிப்பும் இருக்கும். அது ஐ.நா. வாகன விதிமுறையின்படி, கம்பெனி பேடோடு ஒப்பிட்டுச் சோதிக்கப்பட்ட மாற்று பேட் என்பதற்கான அடையாளம். பெயரே இல்லாத பெட்டி, மங்கிய அச்சு, பில் தர மறுப்பது, இதெல்லாம் போலியின் அறிகுறிகள். மிச்சமாகும் சில நூறு ரூபாய்க்கு இந்த ரிஸ்க் தேவையில்லை.

ஒர்க்‌ஷாப்பில் கவனிக்க வேண்டியவை

* பேடை ஒரு பக்கம் மட்டும் மாற்றாதீர்கள். இடது, வலது இரண்டு வீலுக்கும் சேர்த்து ஒரே செட்.

* டிஸ்க்கில் வரி விழுந்தாலோ, பிரேக்கில் கால் நடுங்கினாலோ லேத்தில் கொடுத்து மட்டம் செய்யலாம். கோவையில் லேத்துக்குப் பஞ்சமா? ஆனால் பெரும்பாலான டிஸ்க்குகளில் குறைந்தபட்சத் தடிமன் மி.மீ.யில் பொறிக்கப்பட்டிருக்கும். கடைசல் முடிந்த பிறகும் அந்த அளவுக்கு மேல் மிச்சம் இருக்க வேண்டும். இல்லையென்றால் புது டிஸ்க்தான்.

* காலிப்பர் பின்களைச் சுத்தம் செய்து, அதற்கான சூடு தாங்கும் கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பரை உப்ப வைக்கும். பேடின் உராயும் முகத்தில் ஒரு சொட்டு கிரீஸும் படக் கூடாது.

* பளபளப்பேறிய பழைய பேடை உப்புத்தாளில் தேய்த்துத் திரும்பப் போடுவது தற்காலிக வேலை. தேய்க்கும்போது வரும் தூசு வேறு.

* வேலை முடிந்ததும், காரை நகர்த்தும் முன் பிரேக் மிதியைப் பல முறை அழுத்துங்கள். பிஸ்டன் உள்ளே தள்ளப்பட்டிருப்பதால் முதல் மிதியில் பிரேக் இருக்காது. ஷெட்டில் இருந்து ரிவர்ஸ் எடுக்கும்போதே இடித்துவிடும் விபத்துகள் இதனால்தான்.

* புது பேடும் டிஸ்க்கும் பழக வேண்டும். காலியான சாலையில் 60 கி.மீ. வேகத்தில் இருந்து 20 வரை மிதமாகக் குறைத்து, மறுபடி வேகமெடுத்து, பத்துப் பதினைந்து முறை செய்யுங்கள். நடுவே முழுதாக நிறுத்தாதீர்கள். பிறகு முதல் 200, 300 கி.மீ. வரை அவசியமின்றி கடுமையான பிரேக் வேண்டாம். பேட் மாற்றிய மறுநாளே ஊட்டி கிளம்புவதைத் தவிர்க்கலாம்.

தூசை ஊதாதீங்க!

வீலைக் கழற்றியதும் ஏர் கன்னை எடுத்து 'புஸ்' என்று அடிப்பது நம் ஊர் ஒர்க்‌ஷாப் வழக்கம். ஒரு நொடியில் பிரேக் சுத்தம். ஆனால் அந்தத் தூசு எங்கும் போகவில்லை. குனிந்து நிற்கும் மெக்கானிக்கின் மூக்குக்கும், பக்கத்தில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் பையனின் மூக்குக்கும் போகிறது.

கண்ணுக்குத் தெரிவது பெரிய துகள். கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்தான் நுரையீரலின் ஆழம் வரை போகும். பிரிட்டனின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025-ல் வெளியிட்ட ஆய்வில், ஆய்வகத்தில் வளர்த்த நுரையீரல் செல்களுக்கு, செம்பு அதிகம் கொண்ட பிரேக் தூசு டீசல் புகைத் துகளை விட அதிகப் பாதிப்பை ஏற்படுத்தியது தெரியவந்தது.

அஸ்பெஸ்டாஸ் இதை விடப் பெரிய பிரச்சினை. ஒரு காலத்தில் உலகம் முழுக்க பிரேக் லைனர்களில் அதுதான் முக்கிய நார். அதன் நுண்ணிழை நுரையீரலில் தங்கினால், பல பத்தாண்டுகள் கழித்துக்கூட அஸ்பெஸ்டோசிஸ், புற்றுநோய் வரலாம். அமெரிக்கா 2024 மார்ச்சில் கிரைசோடைல் அஸ்பெஸ்டாஸுக்குத் தடை அறிவித்தபோது, கடைகளில் விற்கும் வாகன பிரேக்குகளும் அந்தப் பட்டியலில் இருந்தன. இந்தியாவில் கிரைசோடைலுக்கு முழுத் தடை இல்லை.

1995 ஜனவரி 27-ல் உச்ச நீதிமன்றம், அஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்கள் தொடர்பான வழக்கில், தொழிலாளியின் ஆரோக்கியம் அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டையும் வேலையில் சேர்ந்த நாளில் இருந்து குறைந்தது 40 ஆண்டுகள், அல்லது ஓய்வுக்குப் பிறகு 15 ஆண்டுகள், இதில் எது பிந்தியதோ அதுவரை பாதுகாக்க உத்தரவிட்டது. நோய் அவ்வளவு தாமதமாக வரும் என்பதால்தான் அத்தனை நீண்ட காலம். அந்தத் தீர்ப்பு பேசியது ஆலைகளைப் பற்றி. ரோட்டோர ஷெட்டில் 20 வருடம் டிரம் ஊதிய மெக்கானிக்குக்குப் பதிவேடு வைப்பவர் யார்?

ஆனால் அதைத் தடுக்க பெரிய செலவு ஆகாது.

* ஊதுவதற்குப் பதில் நனையுங்கள். சோப்புத் தண்ணீர் நிரப்பிய சாதாரண ஸ்பிரே பாட்டிலால் மெல்ல நனைத்து, கீழே ஒரு தட்டு வைத்து, ஈரத் துணியால் துடைக்க வேண்டும். பிரேக் கிளீனர் ஸ்பிரே இருந்தால் இன்னும் நல்லது. பெட்ரோல் வேண்டாம், தீப்பிடிக்கும்.

* டிரம்மைத் தட்டித் தூசைக் கொட்டாதீர்கள். அதையும் நனைத்தே எடுக்க வேண்டும்.

* உலர்ந்த தூசைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். வீட்டு வேக்குவம் கிளீனரும் வேண்டாம். நுண்தூசை அது மறுபடி காற்றிலேயே விடும்.

* கைக்குட்டை, துணி மாஸ்க் போதாது. என்95 தரமாவது வேண்டும். சாப்பிடும் முன் கை கழுவுவதும், வேலைச் சட்டையோடு குழந்தையைத் தூக்காமல் இருப்பதும் முக்கியம்.

* வாங்கும்போது பெட்டியில் 'அஸ்பெஸ்டாஸ் இல்லாதது' என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

கார் உரிமையாளரும் ஒரு வார்த்தை சொல்லலாம்: "அண்ணா, காத்தடிக்க வேண்டாங்க, நனைச்சுத் தொடச்சிருங்க. ரெண்டு நிமிஷம் லேட்டானாலும் பரவால்லீங்க."

வீலைக் கழுவுவது எப்படி?

வீல் முழுதாக ஆறிய பிறகு நிழலில் வைத்துக் கழுவுங்கள். முதலில் நிறையத் தண்ணீர் விட்டுத் தூசை இளக்க வேண்டும். உலர்ந்த துணியால் துடைத்தால் இரும்புத்தூள் உப்புத்தாள் போலக் கீறிவிடும். பிறகு கார் ஷாம்பூ, மென்மையான பிரஷ். வீலுக்கு வைத்த பிரஷையும் துணியையும் பாடிக்குப் பயன்படுத்தக் கூடாது.

ஒட்டிக்கொண்ட பழைய கறைக்கு 'அயர்ன் ரிமூவர்' ஸ்பிரே கிடைக்கிறது. இரும்புத்தூளோடு சேர்ந்ததும் ஊதா நிறமாக மாறும். காய விடாமல் கழுவிவிட வேண்டும். பாத்ரூம் கழுவும் ஆசிட், பேட்டரி ஆசிட் வேண்டவே வேண்டாம். அலாய் வீலின் பூச்சு உரிந்துபோகும். கழுவி முடித்ததும் மெதுவாக ஓட்டி, நாலைந்து முறை லேசாக பிரேக் போட்டால் ஈரம் காய்ந்துவிடும்.

கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்பதையும் யோசிக்க வேண்டும். வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல், பேரூர், கோவை, திருப்பூர் வழியே ஓடிக் காவிரியில் சேர்கிறது. வாய்க்கால் கரையில் கார் கழுவினால் பிரேக் தூசில் உள்ள செம்பும் பிற உலோகங்களும் நேராகத் தண்ணீரில் கலக்கும். அமெரிக்காவின் கலிபோர்னியாவும் வாஷிங்டனும் 2010-லேயே பிரேக் பேடில் செம்பைக் குறைக்கச் சட்டம் போட்டதற்குக் காரணம், அது மழைநீரோடு ஓடி மீன்களைப் பாதித்ததுதான். கலிபோர்னியாவில் 2025 முதல் பேடில் செம்பு 0.5 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது.

புகைக்கு மட்டுமல்ல, பிரேக்குக்கும் வரம்பு

இதுவரை வாகன மாசு என்றால் சைலன்சர் புகை மட்டும்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் 'யூரோ 7' விதிகள் முதல் முறையாக பிரேக் தூசுக்கும் வரம்பு வைத்துள்ளன. பெட்ரோல், டீசல், ஹைபிரிட் கார்களுக்கு கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராம். முழு எலெக்ட்ரிக் கார்களுக்கு 3 மில்லிகிராம். புதிய மாடல் கார்களுக்கு 2026 நவம்பர் 29 முதல் இது பொருந்தும்.

எலெக்ட்ரிக் காருக்கு ஏன் குறைந்த வரம்பு? ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்ததும் மோட்டாரே வேகத்தைக் குறைத்து பேட்டரிக்கு மின்சாரம் அனுப்புகிறது. பேடுக்கு வேலை குறைவு, தூசும் குறைவு. ஆனால் அதிகம் பயன்படாத டிஸ்க் துருப்பிடிக்கும். அதனால் கோவையில் எலெக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்களும் வருடம் ஒரு முறை பிரேக்கைப் பார்ப்பது அவசியம்.

பேட் வாங்கும் முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. என் கார் மாடலுக்கென்றே வரும் பேட்தானா? கம்பெனி போட்ட அதே வகையா?
2. முதுகில் உள்ள எழுத்துகள் பழைய பேடோடு ஒத்துப்போகின்றனவா?
3. அஸ்பெஸ்டாஸ் இல்லாதது என்று எழுதியிருக்கிறதா? பில் உண்டா?
4. டிஸ்க் தடிமன், பின் கிரீஸ், பிரேக் ஆயில் மூன்றையும் பார்த்தாச்சா?
5. தூசை ஊதாமல் நனைத்துத் துடைப்பீர்களா?

இந்த ஐந்துக்கும் 'ஆமாங்க' என்று பதில் வந்தால், முன்வீல் கொஞ்சம் கறுப்பாக இருந்தாலும் கவலை வேண்டாம். அதைக் கழுவ ஒரு வாளி தண்ணீரும் பத்து நிமிடமும் போதும்.